இரண்டாம் பாகத்தில் மாப்பிள்ளை எங்கே?

என் கையெழுத்து கோணல். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த வகுப்பிலும் பாதி நாள் மழை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கிலீஷ் படங்களை, எடுத்தவர்களைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார். வீடியோ டெக்கும் டிவியும் வைத்துப் படம் போடுவதால் அவர் டெக்கண்ணன். கொழும்பில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் வேலை செய்து இங்கிலீஷ் படித்தவர் என்று சொல்லிக்கொள்வார். நாங்களும் நம்பினோம்.

ஞாயிறு பகலில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறி பேட்டரியில் படம் ஓடும். டெக்கண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் திரையைத் தொட்டுத் தொட்டுக் கதை சொல்வார். வில்லனுக்கு எப்போதும் எங்கள் கணக்கப்பிள்ளையின் பெயர்தான். ஆணும் பெண்ணும் நெருங்கினால் தாய்மார் எழுந்து போய்விடுவார்கள் என்பதால், அவர் படங்களில் எல்லாரும் அண்ணன் தங்கச்சி. முத்தம் வந்தால் திரைக்கு முன்னால் துண்டை விரிப்பார். "தங்கச்சி கண்ணுல தூசி. அண்ணன் ஊதி விடுறாரு."

வானத்திலிருந்து எந்திர வெட்டுக்கிளிகள் வந்து ஊரை அழிக்கும் படம் ஒன்று. மொட்டைத்தலைப் பட்டாளத்துக்காரனும் ஒரு டாக்டரம்மாவும் அவற்றைச் சுட்டு விரட்டுவார்கள். தங்கச்சிக்காக அண்ணன் நெருப்பில் குதித்தபோது மடுவமே அழுதது. நான் இரண்டு நாள் அழுதேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு.

பெண்களைக் கண்டால் என் செருப்பைப் பார்ப்பேன். செருப்பில்லாத நாளில் கால்விரலைப் பார்ப்பேன். அதற்கு முன் பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு தட்டு முறுக்கை முழுவதும் தின்றுவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் வந்தேன். மாப்பிள்ளை ஊமையா என்று ஆள்விட்டுக் கேட்டார்கள்.

அடுத்து தெமோதரையில் ஒரு பெண் அமைந்தது. டெக்கண்ணன்தான் வழி சொன்னார். "அவங்கள இங்க படத்துக்கு வரச் சொல்லுவோம்டா. வெட்டுக்கிளி படத்தோட ரெண்டாம் பாகம் பதுளையில வந்திருக்கு. பாத்துக்கிட்டே இரு. நீ பேசவே தேவையில்ல."

பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அப்பா பழைய கங்காணி. மீசை மட்டும் இன்னும் வேலையில் இருந்தது. டெக்கண்ணன் அவருக்கு முதல் பாகத்தைச் சொன்னார். தங்கச்சிக்காகத் தீக்குளித்த அண்ணன் என்றதும் மீசை நடுங்கியது. "எனக்கும் மூணு தங்கச்சிங்க" என்றார்.

படம் தொடங்கியது. நெருப்பில் செத்தவன் உயிரோடு மாதா கோயிலில் நின்றான். பக்கத்தில் டாக்டரம்மா, வெள்ளை உடுப்பில்.

"தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றார் டெக்கண்ணன்.

மொட்டைத்தலையே மோதிரம் போட்டான். துண்டு விரிந்தது.

"மாப்பிள்ளை எங்கப்பா?" என்றார் கங்காணி.

"வெளிநாட்டுலங்க. வந்துருவாரு."

மாப்பிள்ளை வரவில்லை. வெட்டுக்கிளியும் வரவில்லை. ஒரு மணி நேரம் இருவரும் வீட்டுக்குச் சாயம் பூசினார்கள். கடைசியாக ஒரே ஒரு வெட்டுக்கிளி வந்தது. அதைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு தெரிந்தது. அதற்குள் டாக்டரம்மாவுக்கு வயிறு பெருத்திருந்தது.

கங்காணி எழுந்தார். "இந்தத் தோட்டத்துல இதுதான் பழக்கமா? அண்ணனும் தங்கச்சியுமா? வாம்மா போவோம்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கொழுந்துச் சாக்குகளுக்குப் பின்னால் நின்று கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெக்கண்ணன் படத்தை நிறுத்தினார். "ஐயா, உக்காருங்க. எனக்கு இங்கிலீசுல ஒரு எழுத்துந் தெரியாதுங்க. தொரை வீட்டுல நான் மாட்டுக்குப் புல்லு வெட்டுனவன். இத்தன வருசமா சொன்னதெல்லாம் என் புளுகு. பையன் நல்லவன். அவன் மேல கோவப்படாதீங்க."

அவருக்கு இருந்த ஒரே மரியாதையை எனக்காக அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டார்.

கங்காணி நின்றபடியே கேட்டார். "அப்ப படத்துல அந்தப் பொண்ணு அவனுக்கு என்ன முறை?"

"மாமன் மகளுங்க" என்றது ஒரு குரல். அது என்னுடையது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமானது.

பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேசுறாருப்பா" என்றாள். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். மாமன் மகள் என்றால் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

மிச்சப் படம் கதை சொல்ல ஆளில்லாமல் ஓடியது. அப்போதுதான் அது எவ்வளவு மோசமான படம் என்று எங்களுக்குத் தெரிந்தது. டெக்கண்ணன் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"அண்ணே, பொய்யா இருந்தாலும் பரவால்ல. சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்திப்பிடியை எடுத்தார்.

டெக்கண்ணன் இப்போது இல்லை. இங்கிலீஷ் படங்கள் தமிழிலேயே பேசிக்கொண்டு டிவியில் வருகின்றன. தெமோதரைக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நான் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்குவேன். அவள் ஏன் என்று கேட்பதில்லை.

எழுதி முடித்தது மாட்டுப்பொங்கல் அன்று, மத்தியானம்.