நான் எண்ணிய நோயாளிகள்

எனக்குத் தன்னம்பிக்கை பிறவியிலேயே கொஞ்சம் அதிகம். அறிவு பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

மருத்துவப் பணியாளர் ஆராய்ச்சி என் தொழில். ஓர் ஊருக்கு எத்தனை நர்ஸ் தேவை, இருப்பவருக்கு எவ்வளவு வேலை என்று கண்டறிய வேண்டும். (சாயர்புரத்தில் டீச்சராக இருந்த என் அம்மாவின் விளக்கம்: "மத்தவங்க வேலை பாப்பாங்க, இவ பக்கத்துல நின்னு எண்ணுவா.")

முதல் களப்பணி மணப்பாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில். இரண்டே அறை கொண்ட துணை சுகாதார நிலையம். ஒரே நர்ஸ், ஜெசிந்தா. மூன்று நாள் அவர் அருகில் உட்கார்ந்து, யார் வந்தார்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் குறிக்க வேண்டும்.

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க நர்சம்மா. என்கிட்ட பேசினா ஆய்வு கெட்டுரும்" என்று போனதுமே உத்தரவு போட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், பாவம், தலையாட்டினார்.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். மீன்கூடையை வாசலில் இறக்கிய ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தம்மா எழுதுதிய?"

"நர்சம்மாவுக்கு எவ்வளவு வேலை இருக்குன்னு பாக்கேன்."

"கொறச்சலா இருந்தா?"

"மேலே எழுதுவோம்" என்றேன் கெத்தாக. (மேலே என்றால் எங்கே என்று எனக்கே தெரியாது.)

மறுநாள் காலை வரிசை மாதா கோயில் வரை நின்றது. காய்ச்சல், தலைசுற்று, நெஞ்செரிச்சல். மலை போன்ற ஒரு மீனவர் காலையில் இடது காலை இழுத்து வந்தார். மத்தியானம் வலது காலை இழுத்து வந்தார். 'வலி இடம் மாறுகிறது' என்று கவனமாகக் குறித்துக்கொண்டேன்.

"மேடம், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார் ஜெசிந்தா.

"நான்தான் இங்க இல்லையே!"

மூன்றாம் நாளும் வாய் திறந்தார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

அடுத்த மாதம் தூத்துக்குடியில் அதிகாரிகள் முன்னால் திரையில் வரைபடம் போட்டு விளக்கினேன். ஜெசிந்தாவையும் அழைத்திருந்தார்கள். முதல் நாள் தரையில் கிடந்த கோடு, இரண்டாம் நாள் துறைமுகத்து கிரேன் மாதிரி நிமிர்ந்து நின்றது. கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினேன்.

பெரிய அதிகாரியின் முகம் வெளுத்தது. "ஒரே நாள்ல இத்தன பேருக்குக் காய்ச்சலா? ஏம்மா நர்சு, நோய் பரவியிருக்கு, ஏன் தகவல் குடுக்கல? மெமோ குடுக்கணும் உங்களுக்கு!"

ஜெசிந்தா எழுந்தார். "ஐயா, பரவுனது நோய் இல்ல. வேலை இல்லன்னு சொல்லி என்னை மாத்திப்போட ஒரு மேடம் வந்திருக்காங்கன்னு சேதி பரவிட்டு. என்னை விடக் கூடாதுன்னு ஊரே சேந்து படுத்துட்டு."

கூடமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அவருக்கு மெமோ வரக் கூடாதே.

"சார், அவங்க ரெண்டு தடவ சொல்ல வந்தாங்க. நான்தான் பேச விடல" என்றேன்.

மெமோ நின்றது, என் ஆய்வு குப்பைக்குப் போனது. ஆனால் நான் விடவில்லை. திரும்பப் போய், நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு மாதம் ஜெசிந்தாவோடு வீடு வீடாக நடந்தேன். இந்த முறை அவர்தான் பேசினார். பாதி வேலை அந்த இரண்டு அறைக்கு வெளியேதான் நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை மாத்திரை போடாமல் ஏமாற்றுகிறவர்களைக் கரையிலேயே போய் மடக்குவார். அங்கே அந்த மலை போன்ற மீனவர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்: "எந்தக் காலுன்னு மறந்துட்டேன் தாயி."

அதையெல்லாம் முறையாக எழுதிக் கொடுத்தேன். இப்போது அங்கே இன்னொரு நர்சும் இருக்கிறார். என் தொழிலில் நான் மார்தட்டிச் சொல்லும் காரியம் அது.

வீட்டில்தான் எடுபடுவதில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், பதறிப்போய் அம்மாவுக்குப் போன் செய்வேன். மருந்து சொல்ல மாட்டார்.

"ஏளா, நீ நோட்டோட பக்கத்துல நிக்காத. தானா சரியாப் போவும்."