கைரேகை மெஷினுக்கு டவர் கிடைத்த கதை

மயிலாப்பூர்ப் பக்கத்து ரேஷன் கடை ஒன்றில், மாதக் கடைசி நாளன்று, கைரேகை மெஷின் தன் திருப்பணியை நிறுத்திக்கொண்டது. விரலை வைத்தால் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் முதல் ஆள் பாஞ்சாலி. இன்றைக்கு வாங்காவிட்டால் இந்த மாத அரிசி போனது போனதுதான். பிள்ளைகளுக்கு அதில்தான் சோறு.

"அண்ணே, இன்னொரு தபா பாருங்க," என்றாள், அவளுக்கே கேட்காத குரலில்.

கடைக்காரர் நெடுஞ்செழியன் மெஷினை அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றி, சட்டையில் துடைத்து மாட்டினார். ஸ்டூலில் ஏறி, சாமிக்குச் சூடம் காட்டுவது போல மெஷினை நாலு திசையும் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மேலதிகாரிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"சார், மெஷின்ல நெட் இல்ல."

"புகார் பதிவு பண்ணீங்களா?"

"அதையும் மெஷின்லதான் சார் பண்ணணும்."

"அப்போ பண்ணுங்க. பதிவாகாத பிரச்சனை பிரச்சனையே இல்ல."

வரிசை கொதித்தது. கொதித்த வரிசை வேறென்ன செய்யும்? போனை எடுத்தது.

"பாருங்க மக்களே, இன்னா அநியாயம்! இங்க நெட்டே இல்லியாம்!" என்று சுலோச்சனா நேரலையில் பொங்கினாள்.

"யக்கா, கொஞ்சம் நகரு, மெஷின் தெரியல," என்று வேலுவும் ஒரு நேரலை போட்டான்.

எல்லார் கையும் உயர்ந்தது. மெஷினில் எட்டிப் பார்த்த ஒற்றை சிக்னல் கோடும் படுத்துவிட்டது.

"எல்லாத்துக்கும் ஒரே டவர்மா. செத்த நேரம் போனை அணைங்க, மெஷின் வேலை செய்யும்!" நெடுஞ்செழியன் கெஞ்சினார்.

"அணைச்சா அநியாயத்த யாரு கேக்கறது?" சுலோச்சனா அவர் பக்கம் கேமராவைத் திருப்பினாள்.

'அணையேன்க்கா' என்று பாஞ்சாலிக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேமராவைப் பார்த்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

வீடியோ ஊரெல்லாம் பரவி, மேலதிகாரியையும் எட்டியது. உடனே ஆணை வந்தது. நெடுஞ்செழியன் சத்தமாக வாசித்தார்: "மேற்படி இடத்திலிருந்து தெளிவான வீடியோக்கள் தடையின்றி வந்துள்ளபடியால், அங்கு நெட் சிறப்பாக இயங்குவது ஐயமற நிரூபணமாகிறது. பதிவாகாத புகார், தீர்க்கப்பட்டதாகப் பதிவு செய்யப்படுகிறது."

சாயங்காலம் ஷட்டர் இறங்கியது.

"அரிசி எங்க?" என்றான் வீட்டில் புருஷன் தமிழ்மாறன்.

பாஞ்சாலி வீடியோவைக் காட்டினாள். அவன் கடைசி வரை பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஏய், முன்னாடியே நீதான் நிக்கிற! வீடியோல சூப்பரா விழுந்துகீற. அனுப்பு, ஸ்டேட்டஸ்ல வெக்கிறேன்."

பாஞ்சாலி வெட்கப்பட்டுக்கொண்டே அனுப்பினாள். அம்மா வீட்டுக்கும் ஒன்று.