இரண்டு கப், ஒரு நூல்

‘தொலைபேசி எப்படி வேலை செய்கிறது? யு.கே.ஜி., இருபது நிமிடம்’ என்று மாதிரி வகுப்புக்குக் கொடுத்த சீட்டில் எழுதியிருந்தது. ஜெபாவின் பையில் இருந்ததோ பதினேழு வகை இலைகள்.

‘நேத்து இன்டர்வியூல செடியோட பாகங்கள்னுதானே சொன்னீங்க மேடம்?’ என்று கேட்க நினைத்தாள். “தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை ஆக்னஸின் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

அவள் அப்படித்தான். பி.எஸ்சி. இயற்பியல் படித்த மூன்று வருடமும் வகுப்பில் அவள் வாய்திறந்து சொன்ன ஒரே சொல் ‘பிரசன்ட்’. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அடங்கும்வரை அடுத்த அறையில் நிற்பாள். நேற்று சாயங்காலம்கூட ஒரே எண்ணிலிருந்து ஆறு முறை. கிரெடிட் கார்டுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு பொறுமை இருக்கும்?

அப்படிப்பட்டவளை, இந்த நூம்பல் பள்ளியிலும் வேலை கிடைக்காவிட்டால் அம்பத்தூர் கால் சென்டரில் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு நூற்றிருபது அழைப்புகள்.

இரண்டு கப்பை நூலால் இணைத்துப் பேசவைத்துவிடலாம் என்று முடிவுசெய்தாள்.

“ஆயாம்மா, ரெண்டு பேப்பர் கப் கிடைக்குமா?”

ஆயா வேம்புலியம்மாள் எதிர்க்கடைக்கு ஓடிப்போய் இரண்டு கப் வாங்கிவந்தாள். இரண்டிலும் டீ.

“சூடா கீது, குடி. பயந்துகினு நிக்காத.”

காலிக் கப் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் குடித்தாள். நாக்கு வெந்தது.

வகுப்பில் இருபது குழந்தைகள். கடைசி வரிசையில், குழந்தைகள் நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, ஆக்னஸ் மேடம்.

“குட்டீஸ், போன் எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்குத் தெரியும்?”

“சார்ஜ் போட்டா வேலை செய்யும் மிஸ்” என்றான் ரோஹித்.

“ரீசார்ஜும் பண்ணணும்” என்றாள் ரோஷினி.

இரண்டுமே சரி. பாடம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இன்னும் பத்தொன்பது நிமிடங்கள் இருந்தன.

ஜெபா அவசரமாகக் கப்புகளில் ஓட்டை போட்டு, வேம்புலியம்மாள் கொடுத்த பூக்கட்டும் நூலைக் கோத்தாள். ஒரு கப் ரோஹித்திடம், இன்னொன்று ரோஷினியிடம். நூல் தொங்கியது.

“தொங்கினா கேக்காது. இழுத்துப் பிடிங்க.”

ரோஹித் இழுத்தான். ரோஷினியும் விடவில்லை. ரோஹித்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு பையன்கள் இழுத்தார்கள். ரோஷினிக்குப் பின்னால் ஆறு பெண்கள். கப்பின் அடிப்பாகம் கழன்றது. இரண்டு அணியும் ஜெபாவின் பைமேல் விழுந்ததில் பதினேழு வகை இலையும் ஒரே வகையாயிற்று.

ஆக்னஸ் மேடம் ஏதோ குறித்துக்கொண்டார்.

“சரி, நூல் வேணாம். நீங்கதான் கம்பி!” எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, முதல் குழந்தையின் காதில் ‘இன்னிக்கு என்ன சாப்பாடு?’ என்றாள். செய்தி ஏழு காதுகள் தாண்டி பரத்திடம் நின்றுவிட்டது.

“ஏன்டா கண்ணா சொல்லலை?”

“ரோஹித்கூட நான் காய் மிஸ்.”

“மிஸ், எனக்கு டவரே கிடைக்கலை” என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

“பரத், பழம் விட்டுடுப்பா.”

பரத் பெருந்தன்மையாகப் பழம் விட்டான். இப்போது ரோஹித் காய் விட்டான். ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, இரண்டு நிமிடத்தில் வகுப்பே காய் விட்டுக்கொண்டது. கம்பி பத்து இடத்தில் அறுந்தது.

வேறு வழியில்லாமல் ஜெபா தன் போனையே எடுத்தாள். இருபது பேரும் காயை மறந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“மணி அடிச்சா என்ன பண்ணணும்?”

“எடுக்கணும்!”

“எடுத்து?”

“அலோ சொல்லணும்!”

“எடுக்கலைன்னா மிஸ்?” என்றான் பரத்.

“எடுக்கலைன்னா... பாவம், அந்தப் பக்கம் இருக்கறவங்க காத்துக்கிட்டே இருப்பாங்க.”

அந்த நேரம் பார்த்து, சைலன்டில் இருந்த போன் கையில் துடித்தது. ஜெபாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “தொட்டுப் பாருங்க! இதுக்குப் பேர்தான் அதிர்வு! சத்தம்கிறதே இதுதான்!”

“எடுங்க மிஸ்! எடுங்க மிஸ்!”

திரையைப் பார்த்தாள். தெரியாத எண். கட்டைவிரல் தானாகவே அழைப்பைத் துண்டித்தது.

இருபது பேரும் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களே மிஸ்...” ரோஷினியின் உதடு பிதுங்கியது. அவள் அழ, பக்கத்தில் இருந்தவள் அழ, இந்தச் செய்தி மட்டும் ஒரு இடத்திலும் அறுபடாமல் இருபது பேருக்கும் போய்ச்சேர்ந்தது.

ஆக்னஸ் மேடம் தன் போனைக் கைப்பைக்குள் போட்டார். குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்து வெளியே போனார்.

மணி அடித்தது. குழந்தைகள் ஓடிப்போன வகுப்பில் உட்கார்ந்து ஜெபா இலைகளைப் பொறுக்கினாள். நூற்றிருபது அழைப்புகள். மாதத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கும்போது கண் கலங்கியது.

துடைப்பத்தோடு உள்ளே வந்த வேம்புலியம்மாள் நின்றாள்.

“இன்னாத்துக்கும்மா அழுவுற? நேத்தே உன்ன வேலைக்கு எடுத்தாச்சு, அத்த சொல்லத்தான் மேடம் ஆறு வாட்டி போன் போட்டாங்கோ. நீ எடுக்கவே இல்லியாமே, அதான் புள்ளைங்களோட சேந்து நீயும் கத்துக்கட்டும்னு இந்தப் பாடத்த எழுதிக் குட்த்தாங்கோ.”