மனசுக்குள் ஏறிய கப்பல்

சந்திரமதியை மெயின்லேண்டுக்கு அனுப்புவதில்லை என்று அன்று காலை உறுதி பூண்டேன். பலமான உறுதி. அவளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சென்னையில் எங்கள் மகள் சௌமியாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "கப்பல் கிடைச்சா நான் கிளம்பிடுவேன்" என்று சந்திரமதி சொல்லி, பரண் மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள். 'நான்' என்றாள். 'நாம்' என்று சொல்லவில்லை.

அந்தமான் தீவில், ரங்கத்தில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டில் பகலெல்லாம் பேசுவது டிவியும் மழையும்தான். அவளும் போய்விட்டால், "ஈரத் துண்டை ஏன் கட்டில்ல போட்டீங்க?" என்று திட்டக்கூட ஆள் இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் போனில் ஓர் ஆராய்ச்சிச் செய்தி ஆயுதமாக அகப்பட்டது. வயது ஏற ஏற, நடப்பது, ஏறுவது போன்ற அசைவுகளை மனசுக்குள் நடத்திப் பார்க்கும் சக்தி குறையுமாம். அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டாம். யாருக்குக் குறைச்சல் என்று தெளிவாகப் போடவில்லை. நானே தெளிவாக்கிக்கொண்டேன்.

"சந்திரா, மனசால கப்பல் ஏற முடியாத பொம்பளை நிஜக் கப்பல்ல ஏறினா ஆபத்தாம். ஆராய்ச்சியே சொல்லுது."

"அப்ப ஆம்பளை?"

"ஆம்பளைக்கே கஷ்டம். இதோ பாரு."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். தோற்றுப்போவது போல நடித்து அவளைக் கலங்கடிப்பது என் திட்டம். முனகினேன். மூச்சு வாங்கினேன். வேர்க்கக்கூட முயற்சி செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"இன்னும் நாற்காலியிலதான். எழுந்திரிக்கவே வரலை. எனக்கே இப்படின்னா..."

"ஐயோ பாவம். நகருங்க, நான் உக்காரணும்."

உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

"செருப்பு மாட்டியாச்சு. பஸ் ஏறியாச்சு. காட்டு வழியில வண்டிகளை மொத்தமாச் சேர்த்து விடுற கான்வாய்க்காக நிக்குது. ஃபெர்ரியில ஏறி இறங்கியாச்சு. இதோ, போர்ட் பிளேர் துறைமுக ஜெட்டி."

"அரே, மெதுவா! முட்டி வலி என்னாச்சு?"

"வலிக்குது. அதுக்காக நிக்க முடியுமா? பின்னாடி கூட்டம் தள்ளுது. கப்பல் ஏணி ஆடுது. இடது கையில பை, வலது கையில கம்பி. ஏறிட்டேன். பங்க் படுக்கையில படுத்தாச்சு."

"அலை அடிக்கும். தலை சுத்தும்!"

"சுத்துது. எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். "சென்னை வந்தாச்சு. குழந்தையைத் தூக்கிட்டேன். குனிஞ்சப்போ இடுப்பு பிடிச்சுது. விடலை."

கண்ணைத் திறந்தாள். ஓரத்தில் ஈரம்.

"எப்படிடி இவ்வளவு பழக்கம்?"

"தினம் மத்தியானம் நீங்க தூங்குறப்போ போயிட்டு வர்றேன். இங்க பேச வேற யாரு இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து அறையில்தான் தினமும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். இவள் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பியது எனக்குத் தெரியவே இல்லை.

அவள் போனை எடுத்தாள். பக்கத்துக் கடை சேக் தாவூத் பாய் சரக்கு எடுக்க அன்று போர்ட் பிளேர் போயிருந்தார். அவளுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கும் பொறுப்பும் அவரிடம்தான்.

"பாய், கப்பல் டிக்கெட் ரெண்டு சொன்னேன்ல? ஒண்ணு போதும். ஆமா, சார் வரலை. டீக் ஹை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டா? எனக்கும் சேர்த்தா சொல்லியிருந்தே?"

"பின்ன? உங்களைத் தனியா விட்டுட்டா போவேன்னு நெனச்சீங்க? இப்ப நாற்காலியை விட்டே எழுந்திரிக்க வரலைங்கிறீங்க."

"சந்திரா, அது சும்மா நடிப்புடி! இதோ பாரு!" கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து காட்டினேன். குதித்தும் காட்டினேன்.

அவள் சேலைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"தெரியும். நிஜமாவே முடியாதவர்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."