உதட்டைப் பார்த்தாலே தெரியும்

நர்ஸ் எண்டாங் ஊசிகளை மேசையில் எடுத்துவைப்பதற்குள், தலைமையாசிரியர் விர்யோனோ வரிசையில் நின்ற மாணவிகளை வடிகட்டத் தொடங்கிவிட்டார். பள்ளி வாசலில் ‘ரத்தசோகை இல்லாத பள்ளி’ என்ற பதாகை நேற்றே ஏறிவிட்டது. மதியம் மாவட்டத் தலைவர் கேடயத்தோடு வருகிறார். ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

“மெஷின் எதுக்கு இபு? உதட்டைப் பாத்தாலே எனக்குத் தெரியும்,” என்றார் நர்ஸம்மாவிடம்.

அவருடைய இந்தத் திறமையை அறியாதவர்கள் வொனோசோபோ மலையில் கிடையாது. எல்லோரிடமும் அவரே சொல்லியிருந்தார்.

உதடு வெளுத்தவர்களைப் பரிசோதனைக்கு நிற்காமல் நூலகத்துக்குப் போகச் சொன்னார். ஊசிக்குப் பயந்து நின்ற மற்றவர்களுக்குச் சூட்சுமம் விளங்கிவிட்டது. ஒரு பவுடர் டப்பா கைமாறியது. அவர் திரும்பிப் பார்த்தபோது வரிசை மொத்தமும் பேய்ப்படத்துக்கு ஆள் எடுப்பதுபோல் நின்றிருந்தது.

விர்யோனோவுக்குச் சோதனைக்கு அனுப்ப ஆளே மிஞ்சவில்லை. ஒலிபெருக்கியை எடுத்து, உதடு சிவந்தவர்களுக்குத் திங்கட்கிழமைக் கொடியேற்றத்திலிருந்து விலக்கு என்று அறிவித்தார். கொடியேற்றம் என்றால் வெயிலில் நின்று அவர் உரையைக் கேட்பது. யாராவது மயங்கி விழாமல் அந்த உரை முடிந்ததில்லை. அதற்கு ஊசியே தேவலை என்று நூலகத்துக்குப் போனவர்கள் உட்பட எல்லோரும் கழிப்பறைப் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொரு உதடும் ரம்புத்தான் பழச் சிவப்பு.

“பாத்தீங்களா இபு, வெயில் பட்டதும் ரத்தம் எப்படி ஏறுது!”

முதல் ஆளாகத் தன் மகள் லாரஸை அனுப்பினார். கைப்பந்து அணித் தலைவி. வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கும்போது, அவளைத்தான் மேடையேற்றி உதாரணம் காட்டுவார்.

எண்டாங் அவள் விரலில் குத்தி, எண்ணைப் பார்த்துவிட்டு, வேறு விரலில் குத்தினாள். பிறகு மற்றவர்களுக்கும் பார்த்தாள். பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு. எல்லோரிலும் குறைவு லாரஸுக்கு.

“மெஷின் கெட்டுப்போச்சு,” என்று விர்யோனோ தன் விரலை நீட்டினார். அவருக்கு அமோகமான ரத்தம் என்றது மெஷின். அதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

எண்டாங் லாரஸை உட்காரவைத்தாள். “மாத்திரைய எதோட போடுற?”

“டீயோட. அப்பா ஏற்பாடு.”

“டீ இரும்பை உடம்புல ஒட்ட விடாதும்மா. காலையில சாப்பிட்டியா?”

“அப்பா உரைய ஒத்திகை பாக்கச் சீக்கிரமே கெளம்பிடுவாரு. நானும் அப்படியே வந்துடுவேன்.”

எண்டாங் ஈரப்பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்தாள். பஞ்சு சிவந்தது. உதடு காகிதமாக வெளுத்திருந்தது.

வாசலில் மாவட்டத் தலைவரின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. விர்யோனோ பஞ்சைப் பிடுங்கி வரிசைக்கு முன்னால் ஆட்டினார்.

“என் பொண்ணு உதட்டுல இதைப் பூசிவிட்டது யாரு?”

கடைசியில் நின்ற மாணவி திவி, கையில் இருந்த உதட்டுச் சாயக் குப்பியைத் தலைமையாசிரியரிடம் மெதுவாக நீட்டினாள்.

“குப்பியே லாரஸோடதுதான் பாக். ‘என் பொண்ணு உதட்டைப் பாருங்க’ன்னு நீங்க மேடையில சொன்ன நாள்லேருந்து தெனமும் பூசிக்கிட்டுத்தான் வர்றா, எங்களுக்கு இன்னைக்கு மட்டும்தான் குடுத்தா.”