கையேட்டில் உள்ளபடி

எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் ஒரு மலை, ஒரு ஆறு, கொஞ்சம் வரலாறு, நிறைய ஜனம் என்று இருக்கத்தான் செய்யும். எங்கள் நாட்டிலும் இதெல்லாம் இருந்தது. இல்லாதது, இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லும் கையேடு ஒன்றுதான். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் மாண்புமிகு அமைச்சரிடம் "உங்க நாட்டைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட, அமைச்சர் "நல்ல நாடு" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தாராம். விளைவு, நிலம், வரலாறு, சமூகம் மூன்றையும் உள்ளடக்கிய கையேடு போர்க்கால அடிப்படையில் தயாரிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அது ஒவ்வொரு மேஜையாகக் கீழே இறங்கி, கடைசியில் என் மேஜையில் வந்து உட்கார்ந்தது. எனக்குக் கீழே மேஜை கிடையாது.

"நீங்கதான் எழுதறீங்க," என்றார் இயக்குநர்.

"எழுதிடலாம் சார். என் இடமாற்ற மனு..."

என் மனைவி மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் டீச்சர். அவளுக்கு அங்கே வேலை, எனக்கு இங்கே. மகள் அவளிடம் வளர்கிறாள். என்னைக் குரலாகவே தெரியும் என்பதால் 'போன் அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்த ஊர் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு நான் மனு போடாத வருஷம் இல்லை.

"கையேடு அச்சாகி வரட்டும். அன்னிக்கே உங்க மனுவில கையெழுத்துப் போடறேன், போதுமா?" என்றார் இயக்குநர்.

போதாதா பின்னே! ராப்பகலாக உட்கார்ந்து எழுதினேன். மலையை மலை என்றும், வறண்ட இடத்தை வறண்ட இடம் என்றும் எழுதிவைத்தேன். அனுபவம் போதவில்லை, வேறென்ன சொல்ல?

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. எந்தத் துறையைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அந்தத் துறை 'ஆட்சேபணை இல்லை' என்று ஒப்புதல் தர வேண்டும். முதலில் நீர்வளத்துறை அதிகாரியிடம் போனேன். அவர் என் வரியைப் பார்த்துவிட்டு, பல் வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"'மழைக்காலத்தில் மட்டும் ஆறு ஓடும்'னு எழுதியிருக்கீங்க. அந்த 'மட்டும்' எதுக்கு?"

"மத்த நாள்ல ஓடாதே சார். பசங்க உள்ளே கிரிக்கெட் ஆடறாங்க."

"புத்தகத்தை மழைக்காலத்துல படிச்சா சரியாத்தானே இருக்கும்? 'ஆறு ஓடுகிறது'ன்னு போடுங்க. எப்பப் படிக்கணும்கிறது படிக்கறவங்க பொறுப்பு."

ஆறு ஓடியது. அடுத்து வரலாற்றுத் துறை. அங்கே இருந்த அம்மையார் பொறுமைசாலி. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அடித்தார்.

"வெளிநாட்டுக்காரங்க படையெடுத்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அவங்கதான் இப்ப நமக்கு ரயில் எஞ்சின் விக்கிறாங்க. மனசு கஷ்டப்படாதா?"

"வேற எப்படிம்மா எழுதறது?"

"'விருந்தினராக வந்தனர், நெடுங்காலம் தங்கினர்.'"

"நாம சண்டை போட்டுத் துரத்தினோமே?"

"'கனத்த இதயத்துடன் விடைபெற்றனர்.' அவங்க இதயம் கனக்காமலா இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். கனத்துத்தான் இருக்கும். வடக்கு எல்லையில் பக்கத்து நாட்டோடு ஒரு தகராறு இருந்தது. வரைபடத்தில் அந்த இடத்தின் மேல் அமைச்சர் படத்தை வைத்தோம். தகராறு நீளமானது என்பதால் அமைச்சர் முழு உருவமாகப் படுத்த வாக்கில் வந்தார்.

இந்தச் சமயத்தில் ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். காதில் ஏதோ ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, எங்களோடு பேசுகிறாரா வேறு யாரோடாவது பேசுகிறாரா என்று தெரியாதபடி பேசினார்.

"இப்ப உலகம் பூரா தகவல் எல்லாம் அவுட் சார். ஃபீல்தான். எல்லாத்துலயும் ஒரு புன்னகை இருக்கணும்."

"மக்கள்தொகைக் கணக்குல எப்படிங்க புன்னகை வரும்?"

"எண்களை எடுத்துடுங்க. வந்துடும்."

எடுத்தோம். ஏழைகள் 'எளிமையை விரும்புவோர்' ஆனார்கள். வேலை இல்லாதவர்கள் 'ஓய்வில் சிறந்தோர்' ஆனார்கள். நாட்டில் பேசப்படும் மொழிகளில் எதை முதலில் போடுவது என்று சண்டை வர, எல்லா மொழியுமே முதல் மொழி என்று தீர்மானம் ஆயிற்று.

மிச்சம் இருந்தது குடும்பம். "மனசைத் தொடற மாதிரி ஒரு வரி வேணும்," என்றார் இயக்குநர். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். என் மகள் கன்னத்தை நினைத்துக்கொண்டேன். பேனா தானாக ஓடியது: 'இந்நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறது. தந்தையைப் பிரிந்து எந்தக் குழந்தையும் இங்கே வளர்வதில்லை.'

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலோசகர் காதுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். அந்த வரிக்கு மட்டும் எல்லாத் துறைகளும் ஒரே நாளில் ஒப்புதல் தந்தன.

கையேடு வெளிவந்தது. அமோக வரவேற்பு. முடிவெட்டும் கடையில் ஒருவர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "அருமையான நாடா இருக்கே. விசா ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: இனி எந்த அலுவலகமும் கையேட்டுக்கு முரணாகப் பேசவோ, முரணான மனுவை ஏற்கவோ கூடாது. குடிதண்ணீர் இல்லை என்று வந்தவர்களை 'ஆறு ஓடுகிறது' என்று காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வரவேற்பெல்லாம் அடங்கியதும், சொன்ன கையெழுத்தைக் கேட்டு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் என் மனுவை நீட்டினார். சிவப்பு மையில் ஒரு வரி: 'மனுதாரர் குறிப்பிடும் நிலை இந்நாட்டில் இல்லை.'

"சார், என் பொண்ணு அங்கே இருக்கா, நான் இங்கே இருக்கேன்!"

"மெதுவாப் பேசுங்க. தந்தையைப் பிரிஞ்ச குழந்தை கிடையாதுன்னு கையேட்டுல இருக்கே."

"அதை எழுதினதே நான்தான் சார்!"

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. எழுதினவரே நம்பலைன்னா ஊர் எப்படிங்க நம்பும்?"

"அந்த வரியை எடுத்துடலாமே?"

"தாராளமா. எல்லாத் துறைகிட்டயும் ஒப்புதல் வாங்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க, ஏதோ கையேடாம், பள்ளிக்கூடத்துல பாடமா வெச்சுட்டாங்க. நான்தான் நடத்தறேன். பரீட்சையில 'உன் தந்தை எங்கே இருக்கிறார்?'னு கேள்வி. உங்க பொண்ணு 'வெளியூரில்'னு எழுதிட்டா. நானே தப்பு போட்டேங்க, என் கையால. வேற வழி? விடைக்குறிப்புல 'வீட்டில்'னுதான் இருக்கு."

அந்தக் கையேட்டை எழுதியது நான் என்று அவளிடம் இதுவரை சொல்லியிருக்கவில்லை, இப்போது சொல்ல நினைத்தேன். அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போன் அப்பா, நான் நிஜத்தைத்தானே எழுதினேன்?"

"ஆமாம் கண்ணு."

"அப்புறம் ஏன் தப்பு? அந்தப் புக் எழுதினவங்களோட பாப்பாவுக்கு அப்பா வீட்லயே இருக்காரு போல. அதான் அவங்களுக்குத் தெரியல. இல்லப்பா?"

சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது.

"ஆமாம் கண்ணு," என்றேன். "அந்தப் பாப்பாவோட அப்பா வீட்லதான் இருக்காரு."