கழலாத போல்ட்டு

"அசையுதா?" என்று குனிந்து கேட்டார் தனகோடி.

"அசையுது சார்" என்றான் காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் கலையரசன்.

"போல்ட்டா?"

"இல்ல சார், இஞ்சினே சேந்து சுத்துது."

தனகோடி பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். செய்யூரிலிருந்து பொம்மையார்பாளையத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய குடும்பம் அது. அவர், மனைவி விஜயலட்சுமி, பையன் பிரபாகரன். மரக்காணம் உப்பளத்தைத் தொட்டதும் கார் வால் மிதிபட்ட நாய் மாதிரி ஊளையிட்டது. ஏசி நின்றது. பேட்டரி விளக்கு சிவந்தது.

தாமதமாகும் என்று சொல்லப் பெண் வீட்டுக்குப் போன் போட்டால், எடுத்தது பெண் சத்யப்ரியா. "பயப்படாதீங்க அங்கிள். அங்கயே ஒரு ஷெட்டு இருக்குது. எங்க வீட்டு வண்டியெல்லாம் அங்கதான் விடுவோம். நான் சொல்லி ஆள அனுப்புறேன்."

"பாத்தியாடி பொறுப்ப! இதான் நம்ம வீட்டு மருமவ" என்று தனகோடி நடுரோட்டிலேயே முடிவு செய்துவிட்டார்.

வந்த கலையரசன், காரைத் தள்ளிக்கொண்டுபோய் ஷெட் வாசலில் நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். "பெல்ட்ட சுத்துற கிராங்க் புல்லியில ரப்பர் விட்டுடுச்சி சார். கழட்டிட்டு வேற மாட்டணும். எங்கிட்டயே ஒண்ணு கெடக்குது."

"ரொம்ப வேலையா?"

"நடுவுல ஒரே ஒரு போல்ட்டுதான். ஏர் கன் வெச்சா டர்ருன்னு வந்துடும். கரண்ட் இல்ல, கையாலதான் பாக்கணும். நீங்க எத்தினி மணிக்கு சார் அங்க இருக்கணும்?"

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தியாவணும்."

"அவ்ளோ அவசரமா?" என்று கலையரசன் மிகுந்த அக்கறையோடு கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

ஸ்பேனரைத் திருப்பினால் இஞ்சின் சுற்றியது. பிரபாகரனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, அஞ்சாவது கியர் போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னான் கலையரசன். இஞ்சின் நின்றது. போல்ட்டும் நின்றது.

"நல்லா மிதிடா!" என்றார் தனகோடி.

"மிதிச்சிட்டுதான்பா இருக்கேன். இன்னும் மிதிச்சா கால் ரோட்டுல படும்."

"உப்புக் காத்து சார். துரு உள்ளேயே போய் உக்காந்துகிச்சி" என்றான் கலையரசன். ஸ்பேனர் பிடியில் மாட்ட நீளமான இரும்புக் குழாய் ஒன்று வேண்டும் என்றான். தனகோடியே உப்பள மோட்டார் கொட்டகைக்கு ஓடிக் கெஞ்சி வாங்கிவந்தார்.

"நீ தள்ளுப்பா, நான் ஏறி நிக்குறேன்."

"வேணாம் சார், வெயிட்டு அதிகம்."

"அதுக்குதான ஏறுறேன்!"

ஏறினார். ஒரு கணம் எல்லாம் உறுதியாக நின்றது. பிறகு 'டங்' என்ற சத்தம். உடைந்தது போல்ட் அல்ல, ஸ்பேனர் முனை. தனகோடி பின்னால் சாய்ந்து, உப்புத்தண்ணீர் வாய்க்காலுக்குள் உட்கார்ந்தார். எழுந்து வெயிலில் நின்ற கொஞ்ச நேரத்தில் பட்டுக்கரை வேட்டி அப்பளம் போல விறைத்துக்கொண்டது. நடந்தால் மொறுமொறுவென்று சத்தம் வந்தது.

"இந்த வேட்டியோட எப்படிங்க போறது?" என்றாள் விஜயலட்சுமி.

"மாப்பிள்ள அவன்தானடி! என் வேட்டிய யாரு பாக்கப் போறாங்க?"

அடுத்து, போல்ட்டுக்குச் சூடு காட்டினால் இளகும் என்றான் கலையரசன். தீ கக்கும் கேஸ் டார்ச்சைக் காட்டினான். போல்ட் இளகவில்லை. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் தட்டி இளகியது, புகைந்தது, பற்றிக்கொண்டது.

"ஐயோ, வண்டி எரியுது!" என்று விஜயலட்சுமி அலறினாள்.

கலையரசன் பதறவில்லை. வாசலோரம் குவித்திருந்த உப்பை இரண்டு கையாலும் அள்ளி அடித்தான். தீ அணைந்தது. துருப்பிடித்த போல்ட்டுக்கு உப்பும் போட்டாயிற்று.

"உனக்கு அறிவிருக்கா? உப்பப் போட்டா இன்னும் துரு புடிக்காதா?"

"இனிமே புடிக்க எடம் ஏது சார்?"

வெயில் சாய்ந்தது. பசி தாங்காமல் பிரபாகரன், ஒரு காலை பிரேக்கிலிருந்து எடுக்காமலே, தாம்பூலத் தட்டிலிருந்து ஆப்பிளை எடுத்துக் கடித்தான். அம்மாவும் ஒன்று எடுத்தாள். ஸ்வீட் பெட்டியும் திறந்தது. கலையரசனுக்கு நீட்டினார்கள். "எனக்கு எறங்காது சார்" என்று மறுத்துவிட்டான். கடைசியில் தட்டில் வெற்றிலையும் ஒரு தேங்காயும்தான் மிச்சம்.

தனகோடி தட்டைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"மன்னிச்சிக்குங்க. எனக்கு சகுனம் முக்கியம். ஊளையிட்டுச்சி, வுழுந்தேன், தீப்புடிச்சிச்சி. இதுக்கு மேல என்ன வேணும்? இந்த சம்பந்தம் வேணாங்க... ஆமாங்க, முடிவாதான் சொல்றேன்."

"ஏம்பா, ஒரு போல்ட்டு கழலலன்னு என் கல்யாணத்தயே கேன்சல் பண்ணுவீங்களா?" என்று கத்தினான் பிரபாகரன்.

"நீ பேசாம பிரேக்க மிதி!"

 காருக்கு அடியிலிருந்து கலையரசன் தலையை நீட்டினான்.

"முடிவாவா சார் சொல்லிட்டீங்க?"

"முடிவாதான்."

கலையரசன் எழுந்து ஷெட்டுக்குள் ஓடினான். "சார், கரண்ட் வந்துடுச்சி!" என்று குரல் வந்தது. ஏர் கன்னோடு திரும்பினான். டர்ர்ர்.

போல்ட் அவன் உள்ளங்கையில் இருந்தது.

"பாத்தியா! சம்பந்தத்த வுட்ட உடனே கழண்டுச்சி பாத்தியா! இதுக்குப் பேருதான்டா சகுனம்!" என்று குதித்தார் தனகோடி. வேட்டி மொறுமொறுத்தது. பிரபாகரன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

அதன்பின் கலையரசனின் கை பறந்தது. புது புல்லி, பெல்ட், சக்கரம், எல்லாம் மளமளவென்று ஏறின. கார் ஊளையிடாமல் உறுமியது. கூலி என்று ஒரு பைசா வாங்க மாட்டேன் என்றான். தனகோடியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடி உப்பளப் பக்கம் ஓடினான்.

தனகோடிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது உப்பள வேலை முடிந்து வந்த கலையரசனின் அம்மா பாஞ்சாலை ஷெட்டுக்குள் நுழைந்து, காலையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போன தன் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "நூறு காட்டுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஏம்மா, இந்தப் பையன் தங்கம்மா!" என்றார் தனகோடி. "இவனுக்கு சீக்கிரமே ஒரு நல்ல எடத்துல பொண்ணு அமையணும்."

"அதெல்லாம் எப்பவோ அமைஞ்சிடுச்சிங்க, பொம்மையார்பாளையத்துல" என்றாள் பாஞ்சாலை. "இன்னிக்கு எவனோ ஒரு கூறு கெட்டவன் குடும்பத்தோட அந்தப் பொண்ணப் பாக்க வர்றானாம், அதான் புள்ள காலையிலேருந்து ஒரு வாய் சோறு திங்கல."